பொட்டுவின் கழுத்துப்பட்டை

தமயந்தி கோபக்காரி. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. நெய்வேலி நகரியத்தில் அவள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வட்டத்தில், சுரங்கத்துச் சங்குக்கு அடுத்தபடியாக எல்லோர் காதிலும் விழுந்த சத்தம் அவளுடையதுதான். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்காரனை நிற்கவைத்துக் கத்துவாள். காயப்போட்ட வேட்டியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தால், திட்ட ஆள் கிடைக்காமல் புகைபோக்கியைப் பார்த்துக் கத்துவாள். "அந்தம்மா வாயில யாரு விழறது" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். ஆனால் அவள் கத்தியதால் பால் கெட்டியாகக் கிடைத்தபோது, வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. செம்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர்கள் அவர்கள்தான்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு மனிதனிடம் மட்டும் ஒரு வருஷமாகக் கத்தவில்லை. பேசவே இல்லை. அந்த மனிதன் அவள் புருஷன் மருதாசலம்.

மருதாசலத்துக்குச் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து போகிற ரப்பர் பெல்ட் எங்காவது கிழிந்தால், வெட்டி, பசை தடவி, சூடு காட்டி மறுபடி ஒட்டுகிற வேலை. பல்லடத்துப் பக்கம் பிறந்து, நெசவும் விவசாயமும் வேண்டாமென்று இங்கே வந்து பர்மனென்ட் ஆனவன். அவன் போட்ட ஜாயிண்ட் ஒன்றுகூட விட்டதில்லை என்று ஷிப்ட் இன்ஜினியரே சொல்வாராம். இதை அவன் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. தேய்ந்து கழித்துப்போட்ட பெல்ட் துண்டு அந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? வாசலில் மிதியடி அதுதான். கேட்டுக்குக் கீல் அதுதான். ஊஞ்சல் பலகைக்கு மெத்தை அதுதான். எதைச் செய்யவேண்டும் என்றாலும் முதலில் ஒரு பெல்ட் துண்டைத் தேடுகிற ஊர் அது.

அவர்களிடம் முன்பு டைகர் என்று ஒரு நாய் இருந்தது. கழுத்தில் பட்டை இல்லாத நாயை வண்டியில் பிடித்துப் போய்விடுவார்கள் என்பதால், மருதாசலம் அதற்கும் பெல்ட்டிலேயே ஒரு பட்டை செய்தான். பக்கிள் கிடையாது, துளை கிடையாது. கழுத்தோடு சேர்த்து வளைத்து, இரண்டு முனையையும் ஒட்டி, மேலே செம்பு ரிவிட் ஆணி அடித்துவிட்டான். "ஜாயிண்ட் எங்க இருக்குதுன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்று தமயந்தியிடம் சவால் வேறு. அவளும் அன்றைக்குச் சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஒருநாள் அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பண்ருட்டிக்குப் போயிருந்தாள். மருதாசலம் இரவு ஷிப்ட் முடித்துவந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பகலில் தூங்கினான். டைகர் கீரியைத் துரத்திக்கொண்டு பின்வேலியைத் தாண்டப் பார்த்திருக்கிறது. கம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த கொக்கியில் பட்டை மாட்டிக்கொண்டது. பின்னங்கால் தரையைத் தொட்டும் தொடாமலும் எவ்வளவு நேரம் தொங்கியதோ. தமயந்தி பலாச்சுளையும் கையுமாக வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் போட்ட கூச்சலில்தான் மருதாசலம் எழுந்து ஓடிவந்தான். நாயைக் கொக்கியிலிருந்து இறக்கினான். அதன் கழுத்தைத் தடவினான். பிறகு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"ஜாயிண்ட் அப்படியே இருக்குது பாரு."

பதற்றத்தில் சொன்னான் என்று அவன் பக்கம் பேசுகிறவர்கள் பேசலாம். பழக்கதோஷம் என்றும் சொல்லலாம். சொல்கிறவர்கள் செத்துக் கிடந்த நாயை மடியில் போட்டுக்கொண்டு அதைக் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு மூடியது தமயந்தியின் வாய். அன்றிலிருந்து சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "ஆறிப்போவுது, திங்கறவங்க திங்கலாம்" என்று குழம்புச் சட்டியிடம் சொல்வாள். அரிசி தீர்ந்தால் அரிசி டின்னிடம் சொல்வாள். கோவையில் படித்துக்கொண்டிருந்த மகள் லீவுக்கு வந்து சமாதானம் செய்துபார்த்தாள். உனக்கு ஒன்றும் தெரியாது, போய்ப் படி என்று ஒரு அதட்டு. அதோடு சரி.

மருதாசலம் அந்தக் கொக்கியைச் சுத்தியலால் அடித்து மடக்கினான். தமயந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் முடிந்தபின் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செசிலியா ஒரு கூடையோடு வந்தாள். கூடைக்குள் ஒரு குட்டி. உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி.

"எங்க வூட்டு நாய் போட்டது யக்கா. எல்லாத்தையும் ஆளுக்கொன்னா எடுத்துகினு போயிட்டாங்க. இதான் மிச்சம். வச்சிக்கோ."

"நாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தூக்கிட்டுப் போ" என்று தமயந்தி சீறினாள். செசிலியா கடலூர்ப் பக்கத்துக்காரி, யார் சீறினாலும் அசரமாட்டாள். கூடையை வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். குட்டி கூடையிலிருந்து கவிழ்ந்து விழுந்து, தமயந்தியின் புடவை நுனியைக் கவ்விக்கொண்டது. அவள் அதையும் திட்டினாள். திட்டிக்கொண்டே பாலை ஊற்றினாள். பொட்டு என்று பெயர் வைத்ததும் திட்டிக்கொண்டேதான்.

பொட்டுவுக்கு ஓடத் தெரிந்த காலத்தில், மைக் கட்டிய ஜீப் ஒன்று வட்டத்துத் தெருக்களில் சுற்றியது. அடுத்த வாரம் நாய் வண்டி வரும், கழுத்தில் பட்டை இல்லாத நாய்கள் பிடிக்கப்படும், பிறகு யாரும் வந்து கேட்கக் கூடாது. தமயந்தி வாசலுக்கு வந்து கேட்டாள். பட்டை கட்டாவிட்டால் வண்டி. கட்டினால் வேலி. இரண்டில் எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் ஜீப்பைப் பார்த்துக் கத்தினாள்.

அன்று சாயங்காலம் மருதாசலம் ஷிப்ட் முடிந்து வந்தபோது கையில் ஒரு பெல்ட் துண்டு இருந்தது. குட்டியின் கழுத்து அளவுக்கு வெட்டியது. திண்டுபோல் கனம். ஒரு முனையில் ரிவிட் அடிக்கத் துளைகூடப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

தமயந்தி அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். வீசிய வீச்சில் அது கேட்டைத் தாண்டிப் போய்ச் செசிலியா வீட்டு வாசலில் விழுந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை:

"உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குதா?"

அவர்கள் பிறந்த பல்லடத்துப் பக்கம் புருஷனை 'நீ' என்று சொல்கிற வழக்கம் கிடையாது. மருதாசலம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால் கழுவப் போனான்.

மறுநாளிலிருந்து தமயந்தி தானே பழக்க ஆரம்பித்தாள். பழைய நூல் புடவையிலிருந்து ஒரு பட்டையான நாடா கிழித்தாள். பொட்டுவைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவே இடுக்கி, கழுத்தில் கட்டினாள். உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போகிற அளவுக்குத் தளர்வாகத்தான் கட்டினாள். பொட்டு கட்டிய நொடியே தரையில் விழுந்து புரண்டது. பின்னங்காலால் கழுத்தைப் பிராண்டியது. பின்பக்கமாகவே நடந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. பிறகு நாடாவின் நுனியை வாயில் பிடித்துக் கடித்துத் துப்பியது.

"சனியனே, உன் நல்லதுக்குத்தான் கட்டறேன். வண்டியில போயிச் சாவறியா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பொட்டு நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி கட்டினாள், மறுபடி கத்தினாள். அடுத்த நாள் நாடாவைக் கையில் எடுத்ததைப் பார்த்ததுமே குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பால் தட்டைக் காட்டியும் வரவில்லை.

செசிலியா பொறுத்துப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"யக்கா, நீ கத்திகினே கட்டுனா அது எப்படிப் பழகும்? அந்தத் துணியப் பாத்தாலே அதுக்கு உன் கத்தல்தான் ஞாபகம் வருது."

"நான் கத்தாம வேற யாரு கத்தறது? இந்த வீட்டுல எல்லாரும் ஊமை."

"ஊமையாவே கட்டிப் பாரேன்."

தமயந்திக்கு அப்படியே வந்தது பாருங்கள் கோபம். ஆனால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தபோது பொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. டைகருக்காக ஒரு வருஷம் வெந்தவள் அவள். இப்போது இந்தக் குட்டி நடுங்குவது தன்னைப் பார்த்து. அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அடுப்படியில் போய், கையில் கிடைத்த கரண்டியால் அம்மியில் ஒரு போடு போட்டாள். கரண்டி வளைந்தது. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாள்.

பிறகு வேறு மாதிரி செய்தாள். நாடாவைக் கட்டவில்லை. பால் தட்டுப் பக்கத்தில் தரையில் சும்மா போட்டுவைத்தாள். பொட்டு வந்து முகர்ந்துவிட்டுக் குடித்தது. அடுத்த வேளை நாடாவை அதன் முதுகில் போட்டாள். அதற்கடுத்து, நாடாவை வளையமாக்கி, இரண்டு முனையையும் விரலால் சேர்த்துப் பிடித்துத் தட்டுக்கு முன்னால் நீட்டினாள். வளையத்துக்குள் தலையை விட்டால்தான் பால். பொட்டு யோசித்தது. தலையை விட்டது. அது குடிக்கும் வரைக்கும் பிடித்திருந்து, குடித்து முடித்ததும் விட்டுவிட்டாள். இத்தனையும் வாயைத் திறக்காமல். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்பது அந்த வட்டத்துக்கே தெரியும். "வா கண்ணு, வா" என்று அவள் முணுமுணுத்த குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இரண்டொரு நாளில் நாடாவைக் கட்டிவிட்டால் குட்டி அதை மறந்துவிட்டு விளையாடுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் நாடா நாடாதான். பொட்டு அதை மென்று நூலாக்கியது. கிழிந்த துணியைக் கழுத்தில் பார்த்தால் நாய் வண்டிக்காரர்கள் பட்டை என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மருதாசலம் இதையெல்லாம் சாப்பிடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி வருவதற்கு முந்தின நாள் காலையில், அடுப்படி ஜன்னலில் ஒரு பட்டை இருந்தது. பெல்ட் துண்டுதான். ஆனால் மேலே இருந்த ரப்பரை முழுக்கச் சீவி எடுத்து, உள்ளே இருக்கிற துணி அடுக்கை மட்டும் உரித்துச் செய்திருந்தான். மெலிசாக, கைக்கு மெத்தென்று இருந்தது. பழைய செருப்பிலிருந்து ஒரு பக்கிள். குட்டி வளர வளரத் தளர்த்துவதற்கு வரிசையாகத் துளைகள். தமயந்தி அதைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் வெட்டி, சாதாரணத் தையல் நூலால் இணைத்திருந்தது. அவள் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். நூல் படக்கென்று அறுந்து, பட்டை இரண்டாகப் போனது.

அவ்வளவுதான். இத்தனை நாளாக அடக்கிவைத்த கத்தல் எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஊருக்கெல்லாம் விடாத ஜாயிண்ட் போடுவாங்களாம். வீட்டு நாய்க்கு இப்படித்தான் ஏனோதானோன்னு ஒட்டுப் போடறதா? நாளைக்கு வண்டிக்காரன் முன்னால அறுந்து விழட்டும்னா? அந்த நாயைத்தான் கொன்னாச்சு, இதையும் அனுப்பிட்டாத்தான் நிம்மதியா?"

மருதாசலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். கை நின்றது.

"அறுகோணும்னுதான் போட்டேன்" என்றான்.

"என்னது?"

"எங்காச்சும் மாட்டிக்கிட்டா அறுகோணும். நாய் இழுத்தா அறுகோணும். எந்த நூலு எவ்வளவு இழுப்புக்கு அறுகுதுன்னு இழுத்து இழுத்துப் பாத்துத்தான் போட்டேன்." பொத்தானைப் போட்டு முடித்தான். "அறுகற மாதிரி நான் ஒண்ணு பண்ணுனது இதுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, அறுந்த இடத்தை மறுபடி தைத்து ஜன்னலில் வைத்துவிட்டு, முதல் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தமயந்தி பட்டையை எடுத்து வளையமாகப் பிடித்துத் தட்டுக்கு முன்னால் நீட்டினாள். பொட்டு தலையை விட்டது. பக்கிளை மாட்டினாள்.

மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. தெருமுனையில் நாய்கள் குரைக்கிற சத்தமும், ஆட்கள் அதட்டுகிற சத்தமும், தகரக் கதவு அடைபடுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தமயந்தி முன்வாசலைச் சாத்திவிட்டு வருவதற்குள் பொட்டு மிரண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிட்டது. வீல் என்று ஒரு கத்தல். பின்வேலியிலிருந்து.

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பழைய கொக்கியைத்தான் அடித்து மடக்கியாயிற்று, ஆனால் வேலி முழுக்கக் கம்பிதானே. டைகர் தொங்கியது கண் முன்னால் வந்தது. பலாச்சுளை வாசம்கூட வந்தது. தென்னையைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள்.

முள்கம்பியில் பட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நூல் அறுந்திருந்தது. நாய் இல்லை.

குட்டி தப்பிவிட்டது என்று நினைத்த அடுத்த நொடியே தமயந்திக்கு உறைத்தது. வெறுங்கழுத்தோடு குட்டி தெருவில் நிற்கிறது. தெருவில் வண்டி நிற்கிறது.

பட்டையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பயந்தது நடந்தேவிட்டது. பொட்டு கம்பிச் சுருக்கில் மாட்டி, நாலு காலையும் பரப்பிக்கொண்டு நின்றது. சுருக்கின் மறுமுனை கண்ணையன் என்கிற நாய் வண்டி ஆளின் கையில்.

"விடுடா என் நாயை!" அந்த வட்டமே வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னாம்மா கத்தறீங்க? கழுத்துல பட்டை இல்ல. பட்டை இல்லாதத புடிக்கச் சொல்லிகீறாங்க, புடிக்கிறோம்."

"இதோ பட்டை. வேலியில மாட்டி அறுந்துபோச்சு."

கண்ணையன் அதை வாங்கிப் பார்த்தான். "அறுந்த வாரை ஆரு வேணா கொணாந்து காட்டலாம். காலைலேர்ந்து இப்படித்தான் ஆளாளுக்குக் கயித்த எடுத்துகினு ஓடியாறாங்க. இது உங்க நாயின்னு எப்படி நம்பறது?"

தமயந்தி இன்னும் பெரிதாகக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பொட்டு அவளைப் பார்த்து ஒடுங்கியது. கண்ணையன் அதையும் பார்த்தான். "பாருங்க, உங்களக் கண்டாலே பயப்படுது" என்றான்.

வாழ்நாளில் முதல்முறையாகத் தமயந்தி, தொண்டை வரைக்கும் வந்த கத்தலை விழுங்கினாள். கண்ணெல்லாம் எரிந்தது. பட்டையைத் திரும்ப வாங்கினாள். எல்லோரும் பார்க்கத் தார் ரோட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அறுந்த முனை இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து, வளையமாக்கி, தாழ நீட்டினாள்.

"வா கண்ணு, வா."

கண்ணையன் சுருக்கைக் கொஞ்சம் தளர்த்தினான். பொட்டு வாலை இடுக்கிக்கொண்டு ஒரு அடி வைத்தது. வளையத்தை முகர்ந்தது. பிறகு, பால் தட்டு எதுவும் இல்லாத அந்த நடுரோட்டில், தானாகவே தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றது.

செசிலியா, "ஏசுவே" என்றாள். கண்ணையன் குனிந்து சுருக்கைக் கழற்றினான். "கூட்டினு போங்கம்மா. வண்டி இந்தத் தெருவத் தாண்டற வரைக்கும் வெளிய வுடாதீங்க."

சாயங்காலம் மருதாசலம் வந்தபோது வாசல் கூட்டமெல்லாம் கலைந்திருந்தது. நடந்ததைச் செசிலியா கேட்டிலேயே நிறுத்திச் சொல்லியனுப்பியிருந்தாள். அவன் உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த பட்டையை எடுத்தான். அறுந்த நூலின் நுனியை விரலால் தொட்டுக்கொண்டே நின்றான்.

"டைகருக்கும் இப்படிப் போட்டிருந்தா..." என்றான்.

"போட்டிருக்கோணும்" என்றாள் தமயந்தி. குழம்புச் சட்டியிடம் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "போட்டிருக்கோணுமுங்க. அன்னைக்கு அந்த நாய் செத்துக் கெடந்தப்ப, ஜாயிண்டைப் பாத்தீங்களே. அதை நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"மறக்க வேண்டாம்" என்றான் மருதாசலம்.

அவள் ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். அவன் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தான். பெல்ட்டையும் பசையையும் பிடித்து விரல் காய்த்துப்போயிருந்தது. நூல் காதுக்குள் போகவில்லை. தமயந்தி ஊசியைப் பிடுங்கி, நூல் நுனியை எச்சில் தொட்டுக் கோத்து, திருப்பி அவன் கையில் திணித்தாள். அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"நூலை ரெட்டையாப் போட்டுறாதீங்க" என்றாள். "ஒத்தையாவே போடுங்க."